சுக்கான் சத்தம் பிடித்த கேசட்

மல்லிப்பட்டினம் துறையில் நுஸைபாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். ஐஸைக் குறைத்துப் போட்டவன், நல்ல மீனை ஓரங்கட்டியவன், டீசலில் தண்ணீர் கலந்தவன் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அங்கே குறைவு. விசைப்படகு வைத்து நடத்துகிற பொம்பளை பின்னே கொஞ்சிக்கொண்டா இருக்க முடியும்? ஆனால் யாராவது பேச்சுவாக்கில் "நல்லாருக்கியா புள்ள" என்று கேட்டுவிட்டால் மட்டும் அவள் பதில் சொல்ல மாட்டாள். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். திமிர் என்பார்கள். ஊருக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

அவள் கடற்கரைக்காரி இல்லை. வலங்கைமானில் பிறந்தவள். அவளுடைய அத்தா நெல் வியாபாரி. களத்துமேட்டிலிருந்து மூட்டை ஏற்றி வரும் மாட்டுவண்டிச் சத்தத்திலேயே வளர்ந்தவளை மல்லிப்பட்டினத்து ஜாஃபர் சாதிக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வந்த புதிதில் மீன் வாடைக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மாமியார் ரஹ்மத் பீவி, "நெல்லு தூசியில வளர்ந்த புள்ள, கவுச்சி பழக நாளாகும்" என்று மோரை ஊற்றிக் கொடுத்தாள். கவுச்சி பழகியது. படகு பழகவில்லை. கரையில் கட்டிக் கிடக்கும் படகில் கால் வைத்தாலே அவளுக்குத் தலை சுற்றும்.

ஜாஃபர் சாதிக் படகு மெக்கானிக். அண்ணனோடு பங்காக ஒரு பழைய விசைப்படகும் உண்டு. வாய் மட்டும் கிடையாது. இவள் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு "ம்" போடுவான். "உங்களுக்கு வெச்ச நாக்கையும் அல்லா எனக்கே குடுத்துட்டான்" என்பாள் இவள். அதற்கும் ஒரு "ம்".

எறால் ஏற்றுமதிக் கம்பெனி வண்டிகள் துறைக்குள் வர ஆரம்பித்த காலம் அது. மற்றவர்களெல்லாம் பெரிய எஞ்சின் மாட்டிக்கொண்டு தூரம் போனார்கள். இவர்கள் படகு பின்தங்கியது. புது எஞ்சினுக்காக இரண்டு வருஷம் வெளிநாட்டுச் சபர் போய் வருகிறேன் என்று ஜாஃபர் அஜ்மானில் ஒரு படகுப் பட்டறைக்குக் கிளம்பினான். படகை டிரைவர் வீரையனிடம் விட்டுவிட்டுப் போனான். வீரையன் அவனைவிட மூத்தவர், அவனுடன் பல வருஷம் கடலுக்குப் போனவர். இரண்டு வருஷம் மூன்றானது. லீவு கேட்டால் முதலாளி அடுத்த மாதம் என்பானாம். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

கடிதம் எழுத ஜாஃபருக்குச் சோம்பல். டெலிபோன் பூத்தில் நின்று நுஸைபா பேச ஆரம்பித்தால் ஓடும் மீட்டரைப் பார்த்துப் பூத்துக்காரனுக்கே பாவமாக இருக்கும். ஆகவே கேசட். சபராளி வீடுகளில் அது வழக்கம். யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புவார்கள், யாராவது போகும்போது திரும்பிப் போகும். பல வீடுகளில் புதுப் புதுக் கேசட்டாக வாங்குவார்கள். இவர்களுக்கு ஒரே கேசட். அவன் பேசியதைக் கேட்டு முடித்ததும் அதன் மேலேயே இவள் பேசி அனுப்புவாள். இவள் பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே அவன் பேசுவான். "இன்னொண்ணு வாங்கினா கொறஞ்சா போயிடுவீங்க" என்று இவள் கேட்டதற்கு, "ஒண்ணே போயிட்டு வரட்டும்" என்று பதில் வந்தது. இவள் ஒரு பக்கம் முழுக்கப் பேசித் தீர்ப்பாள். அவன் ஸலாம் சொல்லி, நல்லாருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்டு, அடுத்த மூச்சில் படகுக்குப் போய்விடுவான். எஞ்சின் எப்படி இருக்கு, அடிப்பலகையில் தண்ணி கசியுதா. "என்னைவிட அந்தக் கட்டைதான் உங்களுக்குப் பொண்டாட்டி" என்று ஒருமுறை கேசட்டிலேயே திட்டி அனுப்பினாள். அதற்கு அவன் சொன்ன பதில் அவளுக்கு மனப்பாடம். "படகு ஓடிக்கிட்டு இருந்தாத்தான் புள்ள நான் ஊர்ல வந்து நிக்க முடியும். அது படுத்துடுச்சுன்னா திரும்பவும் விசாதான்."

அன்றிலிருந்து அவளும் படகைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். புருஷன் வீடு வந்து சேருவது அந்தக் கட்டையில்தான் இருக்கிறது என்று ஆனபிறகு என்ன செய்வது.

அந்தப் படகுதான் படுத்தது. ஸ்டீயரிங் கேட்கவில்லை. இடப்பக்கம் திருப்பினால் படகு சும்மா நேரே போகும். கொஞ்சம் பொறுத்துப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம் திரும்பும். செயின் தளர்ந்திருக்கிறது என்று இழுத்துக் கட்டினார்கள். மறுபடியும் டொக். வயரை மாற்றினார்கள். டொக். ஒருநாள் முகத்துவாரத்தில் அந்தச் சத்தம் வரவேயில்லை. வீரையன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க, படகு நேரே போய்ச் சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கூட வந்தவர்கள் மறுநாள் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவனவன் வீட்டிலும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

உள்ளூர் மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நுஸைபாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜாஃபர் அனுப்பியிருந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, தலை சுற்றலோடு படகில் ஏறினாள். சத்தத்தைப் பிடித்து அனுப்பினால் அவன் கேட்டுச் சொல்லிவிட மாட்டானா? வீரையன் சக்கரத்தை மெதுவாக இடமும் வலமும் சுற்றினார். அவள் ரெக்கார்டரை முதலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு நடுத்தளத்தில் வயர் ஓடும் கப்பிகளுக்கு மேல் வைத்தாள். கடைசியாகப் பின்பக்கம், தளத்துப் பலகையைத் தூக்கி, சுக்கான் தண்டின் தலையில் வைத்தாள். சக்கரம் செயினை இழுக்கும், செயின் வயரை இழுக்கும், வயர் பின்பக்கத்து இரும்புக் கையை இழுக்கும், அந்தக் கை சுக்கான் தண்டைத் திருப்பும், தண்டோடு தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான் பலகை திரும்பும் என்று வீரையன் சொல்லிக்கொடுத்தார். "இவ்வளவு பேர் சேந்து ஒரு பலகையைத் திருப்புறதுக்குள்ள நான் ஒலையே வெச்சுடுவேன்" என்றாள் அவள். அதுவும் கேசட்டில் ஏறியது. கேசட் அஜ்மானுக்குப் போனது.

பதிலுக்குக் காத்திருந்தபோது, அஜ்மானிலிருந்து போன் வந்ததென்று பூத்துக்காரன்தான் வந்தான். வாசலில் நின்று ஜாஃபரின் அண்ணன் ஜெக்கரியாவைத் தனியாகக் கூப்பிட்டான். வெயிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜாஃபர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. மவுத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, தாய்க்கும் இல்லை, பொண்டாட்டிக்கும் இல்லை.

நுஸைபா இத்தா இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆணின் முகத்தைப் பார்க்கக்கூடாது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வாய் நின்றுபோனதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. ரஹ்மத் பீவி தன் மகனுக்கு அழுவதை விட்டுவிட்டு, "ஏதாச்சும் பேசும்மா, என்னையாச்சும் திட்டு" என்று மருமகளிடம் கெஞ்சினாள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெக்கரியா கெட்டவர் இல்லை. ஆனால் கடலைக் கண்டால் ஆகாது, பட்டுக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். படகில் அவருக்கும் பங்குண்டு. ஒருநாள் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார்: "சொன்ன பேச்சு கேக்காத படகைக் கட்டி வெச்சு என்னம்மா பண்றது. நாகப்பட்டினத்துல ஒருத்தர் எஞ்சினையும் பலகையையும் பிரிச்சு எடுத்துக்குறேங்குறார். அடுத்த வெள்ளிக்கிழமை வர்றார்." உள்ளே நுஸைபா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் படகு ஓடினால் வந்துவிடுவேன் என்றவன் வரப்போவதில்லை. ஆனால் அது துண்டு துண்டாகப் போனால், வருவதாக அவன் சொன்னதுகூட இல்லையென்றாகிவிடும். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடம் சொல்ல?

அப்போதுதான் அப்துல் அஜீஸ் ஊருக்கு வந்தான். ஜாஃபருடன் ஒரே அறையில் இருந்தவன். ஜாஃபரின் பையை ரஹ்மத் பீவியிடம் கொடுத்தான். இரண்டு கைலி, ஒரு சட்டை, தஸ்பீஹ் மணி, அந்தக் கேசட். "டேப்புலயே இருந்துச்சு மாமி. அன்னிக்குக் காலைல ஏதோ பேசிக்கிட்டு இருந்தாரு. பாதியிலேயே வேலைக்குப் போயிட்டாரு" என்றான்.

கேசட்டைப் போட நுஸைபாவுக்குக் கை வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தனியாகப் போட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மாமியாரிடம் வந்து, "மாமி, வீரையண்ணனை வரச் சொல்லுங்க. மச்சானையும்" என்றாள். அத்தனை நாளில் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

வீரையன் வாசலில், திரைக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஜெக்கரியா. உள்ளே நுஸைபா ரெக்கார்டரைத் திரைக்கு அடியில் நகர்த்தி வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"வஅலைக்கும் ஸலாம். நல்லாருக்கியா புள்ள" என்றது ஜாஃபரின் குரல். வீரையன் தலையைக் குனிந்துகொண்டார். ரஹ்மத் பீவி வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"கேசட் கெடச்சுது. மூணு தடவை கேட்டேன். வீரையண்ணன்கிட்ட சொல்லு, செயின் நல்லாத்தான் ஓடுது, அதைப் போட்டு இழுக்க வேணாம். நடுவுல கப்பி கீச்சுங்குது, அது எண்ணெய் இல்லாம. வேற ஒண்ணுமில்ல. கோளாறு பின்பக்கம்தான். அங்க ரெண்டு சத்தம் வருது, வயர் முறுக்குறது ஒண்ணு, டொக்குங்குறது ஒண்ணு. எது முன்னாடி வருதுன்னு அண்ணனை நல்லா கவனிச்சுப் பாக்கச் சொல்லு. டொக்கு முன்னாடின்னா அங்க இருக்குற கப்பி ஆணி. வயர் முன்னாடின்னா அது வேற. நான் கெளம்புறப்ப அங்க ஒரு..."

தூரத்தில் ஹாரன் அடித்தது. "வண்டி வந்துடுச்சு. இரு, வந்து சொல்றேன்."

ஒரு 'க்ளிக்'. அதோடு அவன் குரல் முடிந்தது. அவன் பேசிய நீளத்துக்குச் சக்கரத்துச் சத்தமும் கப்பிச் சத்தமும் அழிந்திருந்தன. அதற்குமேல் பழையது அப்படியே இருந்தது. நுஸைபாவின் பழைய குரல் வீடு நிறைய வந்தது. "இது பின்பக்கம். அண்ணே, மெதுவா சுத்துங்க, இது என்ன மாவாட்டுற கல்லா?" அப்புறம் இரும்பும் வயரும் தண்ணீரும்.

நுஸைபாவுக்கு ஒரு பக்கம் ஆத்திரமாக வந்தது. கடைசிக் கேசட், அதிலும் செயினும் கப்பியும்தான். தனக்கென்று அவன் சொன்னது அந்த முதல் வரி மட்டும். அந்த ஒரு வரிக்குப் பிறகு வேறு ஏதாவது வருமா என்று அன்றைக்குத் தனியாகக் கடைசிவரை கேட்டிருந்தாள், பாவி மகள்.

வீரையன் திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, அந்தக் கடைசிச் சத்தத்தை மட்டும் திரும்பப் போடும்மா."

போட்டாள். மறுபடியும் போட்டாள். ஜெக்கரியா காதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார். வீரையனும் இழுத்தார். அவருக்கும் உறுதியாகச் சொல்ல வரவில்லை.

"இல்ல மச்சான்" என்றாள் நுஸைபா உள்ளேயிருந்து. "முறுக்கு முன்னாடி. டொக்கு பின்னாடி. எங்க அத்தா நெல்லு வண்டியில அச்சு தேஞ்சப்ப இப்படித்தான் கேக்கும். மாடு திரும்பிடும், நுகத்தடி முறுக்கும், அப்புறந்தான் சக்கரம் டொக்குன்னு வந்து சேரும். இழுக்குறது இழுக்குது, திரும்ப வேண்டியது திரும்பல. நடுவுல ஏதோ தேஞ்சு கெடக்கு."

"அப்ப கைக்கும் தண்டுக்கும் நடுவுல. சாவி" என்றார் வீரையன். சாவி என்றால் ஒரு சின்ன இரும்புக் கட்டி. தண்டிலும் இரும்புக் கையிலும் வெட்டிய காடிப் பள்ளத்தில் அது உட்கார்ந்தால்தான் கை திரும்பும்போது தண்டும் கூடத் திரும்பும். ஜெக்கரியா எழுந்து நின்று வேட்டியை உதறினார். "வெள்ளிக்கெழமைக்குள்ள ஓடினா ஓடட்டும். இல்லேன்னா அந்த ஆளு வரட்டும். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

மறுநாள் வீரையன் ஒரு துணியில் எதையோ சுருட்டிக் கொண்டுவந்து ரஹ்மத் பீவியிடம் கொடுத்தார். நுஸைபா உள்ளே பிரித்துப் பார்த்தாள். முனை எல்லாம் மழுங்கி உருண்டுபோன இரும்புக் கட்டி ஒன்று. கூடவே கிரீஸ் ஒட்டிய இரண்டு பிளேடுத் துண்டுகள், இரும்பு அறுக்கிற பிளேடு.

"சாவி லூசா இருந்திருக்கு, தங்கச்சி. அது ஆடாம இருக்குறதுக்குப் பக்கத்துல பிளேடை ஒடிச்சு செருகியிருக்கான். அது முறிஞ்சதும் சாவி படுத்துடுச்சு." வீரையன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த வேலை எனக்குத் தெரியாது. அவன் கை வேலை."

நுஸைபாவுக்கு ஞாபகம் வந்தது. சபர் கிளம்புவதற்கு முந்தின நாள். பெட்டி கட்டாமல் கிடக்க, ஆள் துறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து நின்றான். அவள் போட்ட சத்தத்துக்கு, "ஒரு சின்ன வேலை. இப்போதைக்கு ஓடும். ரெண்டு வருஷத்துல வந்து ஒழுங்கா செஞ்சுக்கலாம்" என்றான். இரண்டு வருஷத்துக்கென்று செருகிய பிளேடு அதைத் தாண்டியும் ஒரு வருஷம் தாங்கியிருக்கிறது. பாதியில் விட்ட பேச்சில் அவன் சொல்ல வந்தது இதைத்தான். "அன்னிக்கே ஒழுங்கா செஞ்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு" என்று பிளேடுத் துண்டுகளைப் பார்த்துத் திட்டினாள். திட்டத் திட்ட அழுகை வந்தது. பூத்துக்காரன் வந்த நாளிலிருந்து வராத அழுகை. ரஹ்மத் பீவி அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தண்டையும் கையையும் கழற்றிப் பட்டுக்கோட்டை லேத்துக்கு ஜெக்கரியாவே தன் கடை வண்டியில் எடுத்துப் போனார். தேய்ந்த காடியை அகலப்படுத்தி, அதற்குச் சரியாகப் புதுச் சாவி அறுத்துக் கொடுத்தார்கள். வீரையன் அதைத் தட்டி உட்காரவைத்து, நட்டை முடுக்கி, கப்பிக்கு எண்ணெய் விட்டார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். வயர் முறுக்கியது, தண்டு திரும்பியது. டொக் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் படகு கிளம்பியது. நுஸைபா சுபுஹு தொழுத பாயிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை எஞ்சின் ஓடினாலும் அவர்கள் எஞ்சின் இருமுவது அவளுக்குத் தெரியும். சத்தம் துறையை விட்டு நகர்ந்தது, முகத்துவாரம் பக்கம் போனது, தேய்ந்தது. நின்றுவிட்டதா போய்விட்டதா என்று தெரியாமல் அவள் பாயை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

வெயில் ஏறியபிறகு ஜெக்கரியா வந்தார். திரைக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினார். கரை ஓரமாகவே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், கடல் ஆகாத மனுஷன். "போயிடுச்சும்மா. முகத்துவாரத்துல இடப்பக்கம் ஒடிச்சாரு வீரையன். சொன்னபடி கேட்டுச்சு. நாகப்பட்டினத்து ஆளை வர வேணாம்னு சொல்லிடுறேன். படகு உன்கிட்டயே இருக்கட்டும்."

ரஹ்மத் பீவி கையேந்தி துஆ செய்தாள். நுஸைபா உள்ளறைக்குப் போனாள். அவளுக்கு அந்தச் சந்தோஷத்தை உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக எது நடந்தாலும் இந்த அறைக்கு வந்துதான் சொல்லியிருக்கிறாள். ரெக்கார்டரை மடியில் வைத்தாள், கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றினாள், இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னங்க, படகு போயிடுச்சு. இடப்பக்கம்..."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது புரிந்தது. படபடவென்று எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். எது நிறுத்தியதோ, நின்றது.

பின்னால் சுற்றிப் போட்டாள். அவள் குரல் வந்தது. அஸ்ஸலாமு அலைக்கும். என்னங்க, படகு போயிடுச்சு. இடப்பக்கம். ஒரு 'க்ளிக்'. "...சுது. மூணு தடவை கேட்டேன். வீரையண்ணன்கிட்ட சொல்லு, செயின் நல்லாத்தான் ஓடுது" என்றான் ஜாஃபர். படகைப் பற்றியது எல்லாம் இருந்தது. அவன் சொன்ன ஸலாம் இல்லை. நல்லாருக்கியா புள்ள என்று கேட்டது இல்லை. அவள் இன்னொரு முறை சுற்றிப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

மாமியார் கூப்பிட்டாள், கஞ்சி ஆறுகிறது என்று. வருகிறேன் மாமி என்று இவள் பதில் சொன்னாள். கேசட்டை வெளியே எடுத்தாள். அதன் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை உடைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதில் பேசிப் பதிய முடியாது. பாட்டுக் கேசட்டில் எல்லாம் கடைக்காரனே உடைத்துத்தான் கொடுப்பான். இவர்கள் கேசட்டில் இதுவரை அதை உடைக்க வேண்டிய தேவை வந்ததில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி ஒன்றை உடைத்தாள். புரட்டிப் பிடித்து மற்றதையும் உடைத்தாள்.